மலைக்கு வந்தவர்களுக்குத் துணை நிற்கும் ஊர்ப் பொறுப்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலும் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்கள் சிலவற்றிலும் எங்கள் சங்கம் வேலை செய்கிறது. வெளியிலிருந்து மலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஆவணம், பள்ளி, ரேஷன், மருத்துவம், கூலி ஆகியவற்றில் துணை நிற்பது அதன் பணி. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஊதியம் பெறாத ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்; அவரை ஊர்ப் பொறுப்பாளர் என்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் எழுதிய விடைகள் இவை.

‘வந்தவர்கள்’ என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?

இரண்டு தலைமுறை வந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

முதல் தலைமுறை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்றும் முடிவு செய்தது. அந்த எஞ்சியவர்களையும் 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து ஊர் ஊராக அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் அதுவே ‘டான்டீ’ என்னும் அரசுக் கழகமாயிற்று. சமவெளியில் வியாபாரக் கடன் பெற்றுப் பிழைக்க முயன்று தோற்ற பலரும், தமக்குத் தெரிந்த தொழில் கொழுந்து பறிப்பது ஒன்றே என்பதால், பிறகு தாமாகவே இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். என் தாயார் அப்படி வந்தவர்.

இரண்டாம் தலைமுறை, இப்போது ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வருகிறவர்கள். சட்டப்படி இவர்கள் இந்நாட்டுக் குடிமக்கள்; ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் மொழி தெரியாத ஊரில், மேஸ்திரி சொன்னதை மட்டும் நம்பி, குழந்தை குட்டிகளோடு, லயம் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலை, அன்று மண்டபத்தில் இறங்கிய குடும்பத்தின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. இந்த ஒற்றுமையை உணர்ந்த பிறகுதான், தாயகம் திரும்பியோருக்காக மட்டும் தொடங்கிய எங்கள் சங்கம் இவர்களையும் சேர்த்துக்கொண்டது.

ஊர்ப் பொறுப்பாளரின் வேலை என்ன?

உடன் செல்வது. மனு எழுதுவது, எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டுவது, அலுவலகத்துக்கு அவரோடு போவது, ஒப்புகைச் சீட்டை வாங்கி அவர் கையில் கொடுப்பது, அடுத்து எந்த நாளில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது. இதைச் சரியாகச் செய்தால் அதே மனிதர் அடுத்த முறை தனியாகப் போய் வருவார். ஒருவர் ஐந்தாவது முறையும் நம்மைத் தேடி வருகிறார் என்றால், நான்கு முறையும் அவருக்கு விளங்கும்படி நாம் செய்யவில்லை என்று பொருள் கொள்ள வேண்டும்.

இதற்குப் படிப்பு வேண்டுமா? சம்பளம் உண்டா?

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் கொழுந்து பறிப்பவர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், அங்கன்வாடியிலும் தையல் கடையிலும் வேலை செய்யும் பெண்கள். சம்பளம் கிடையாது, பேருந்துக் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும் சங்கம் தரும். வாரத்தில் ஒரு நாளும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் ஒதுக்க வேண்டும். கூட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் கட்டாயம் முடிந்துவிடும், ஏனெனில் பந்தலூர்ப் பக்கத்துப் பாதைகளில் இருட்டிய பின் யானை நடமாட்டம் உண்டு. எந்தப் பொறுப்பாளரும் சங்க வேலைக்காக இருட்டில் நடந்து போகக் கூடாது என்பது எங்கள் விதி.

எனக்கு இந்தி தெரியாதே?

ஜார்கண்டிலிருந்து வருபவர்களில் பலருக்கு வீட்டு மொழி இந்தியும் அன்று. சாத்ரி, சந்தாளி, குறுக், முண்டாரி என்று பல. அவர்களுள் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கே இருந்து தமிழ் பழகிய ஒருவர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார். அவரையே துணைப் பொறுப்பாளராக்குங்கள். மேஸ்திரியை மட்டும் மொழிபெயர்ப்புக்கு நிறுத்தாதீர்கள். கூலியைப் பற்றிய குறையை, கூலியைப் பிரித்துக் கொடுப்பவர் வாயாலேயே கேட்பது முறையாகாது.

தாயகம் திரும்பியோர் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இன்னும் அவர்களுக்கு என்ன உதவி தேவைப்படுகிறது?

எங்களிடம் வரும் மனுக்களில் மிகுதியானவை இன்றும் அவர்களுடையவைதான். வந்தவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்; முதியோர் உதவித்தொகைக்கும் சரி, சாதிச் சான்றிதழுக்கும் சரி, அடிப்படையாக நிற்பது அந்தப் பழைய காகிதங்களே.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு மூதாட்டி வைத்திருக்கும் தகரப் பெட்டியைச் சொல்கிறேன். அதற்குள் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் வேட்டித் துணியில் சுற்றிய பிளாஸ்டிக் உறை. உறைக்குள் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த கடவுச்சீட்டும், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையும். பேச்சில் எல்லோரும் ‘பேமிலி கார்டு’ என்றுதான் சொல்வார்கள். மடித்த இடங்களில் அட்டை நான்காகப் பிரிந்துவிட்டது. பிரிந்த துண்டுகளை அவர் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்ததால், பசை பட்ட இடத்தைப் பூச்சி அரித்து, அவர் கணவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் போய்விட்டன. அந்த இரண்டு எழுத்துகளுக்காக அவருடைய பேத்தியின் சான்றிதழ் ஓராண்டு நின்றது.

பெயர்தான் பெரிய சிக்கல். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, கூப்பிட்டு எழுதிய பெயர் ஒன்று, தூதரகத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயர் ஒன்று, வாக்காளர் அட்டைக்காக இங்கே யாரோ கேட்டு எழுதிய பெயர் ஒன்று, ஆதாரில் மற்றொன்று. தலைப்பெழுத்து ஓரிடத்தில் தந்தையுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. பொறுப்பாளர் முதலில் செய்ய வேண்டியது, ஒரு வெள்ளைத் தாளில் எந்த ஆவணத்தில் எந்த எழுத்தில் பெயர் இருக்கிறது என்று அப்படியே வரிசையாக எழுதுவது. அந்தத் தாளை மனுவோடு இணைத்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவருக்கும் குழப்பத்தின் உரு ஒரே பார்வையில் தெரியும். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தேவையா, ஆதாரில் திருத்தினால் போதுமா என்பதையும் அதன் பிறகு முடிவு செய்யலாம்.

இன்னொன்று, அரசுத் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருப்பது. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்த ஊர் என்று போவதற்கு இடம் கிடையாது. பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஓய்வுக்கு ஓராண்டு முன்பே விசாரித்து வைக்கும்படி பொறுப்பாளர்களிடம் வற்புறுத்துகிறோம்.

அசல் ஆவணங்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கலாமா?

கூடாது. ஒரு நாள்கூடக் கூடாது. நகல் எடுத்ததும் அசல் உரியவர் கைக்குப் போய்விட வேண்டும். நகல் கடைக்கும் அவரை அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வட மாநிலத் தொழிலாளரின் ஆதார் அட்டையை மேஸ்திரி ‘பத்திரமாக’ வாங்கி வைத்துக்கொள்வதுதான் அவர் அந்த வேலையை விட்டு அசைய முடியாமல் போவதற்குத் தொடக்கம். நாம் நல்லெண்ணத்தோடு செய்தாலும், அசலை வாங்கி வைப்பது சரிதான் என்ற பழக்கத்தை அவர் மனத்தில் நாமே ஏற்படுத்திவிடுவோம்.

அலுவலகங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

மரியாதையாக, எழுத்தில், தேதியோடு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்ற படிகளில் ஒன்றைத் தாண்டி மேலே ஓடாதீர்கள். ஒரு படியில் பதில் கிடைக்காதபோது மட்டும், அங்கே கொடுத்த மனுவின் ஒப்புகையுடன் அடுத்த படிக்குப் போங்கள். திங்கட்கிழமை தோறும் உதகையில் ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர் கூட்டம் நல்ல வழிதான். ஆனால் கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், தென்மேற்குப் பருவமழையில் பாதை அடைபடவும் கூடும். வட்டாட்சியர் அலுவலகத்திலேயே ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி என்னும் வருவாய்க் கணக்குத் தணிக்கையின்போது மனு கொடுக்கும் வாய்ப்பைத் தவற விடாமல் பயன்படுத்துவது இதைவிடச் சிக்கனம்.

மனுதாரர் நிற்கும்போது நீங்கள் மட்டும் நாற்காலியில் உட்காராதீர்கள். அதிகாரி உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டாலும், மனுதாரரைப் பார்த்து, “நீங்களே சொல்லுங்கம்மா” என்று விட்டுவிடுங்கள். அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுங்கள். இது சிறிய விஷயமாகத் தெரியலாம். நான் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்ததில் ஒரு பொறுப்பாளரின் தரம் இதில்தான் தெரிகிறது.

வழக்கு வரை போக வேண்டிய நிலை வந்தால், நாமே வழக்கறிஞர் போலப் பேசாமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு அழைத்துப் போக வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைப்பு எண் 15100.

வெளிமாநிலக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் என்ன செய்வது?

மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, தமிழ் தெரியாது, ஆண்டு நடுவில் வந்திருக்கிறது என்ற நான்கு காரணங்களில் ஒன்றுதான் பொதுவாகச் சொல்லப்படும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தக் குழந்தைக்கும் இவற்றில் எதற்காகவும் சேர்க்கையை மறுக்க இடம் தரவில்லை. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் தனிப்பயிற்சி தர வேண்டும்.

ஆனால் சட்டப் புத்தகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு தலைமையாசிரியர் முன் நிற்பதில் பயனில்லை. மலைப்பள்ளிகளில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுடைய சுமையும் உண்மையானது. எங்கள் பொறுப்பாளர் ஒருவர் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியைச் சேர்க்கப் போனபோது, முதல் மாதம் முழுவதும் தினமும் மாலையில் அரை மணி நேரம் தானே வந்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அந்தக் குழந்தை ‘ழ’ எழுதப் பழகிய தாள் இன்னும் சங்க அறையின் சுவரில் இருக்கிறது: முதல் வரியில் கொம்பு இடப்பக்கம் திரும்பியிருக்கும், மூன்றாவது வரியில் நேராகிவிடும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் சிறுமிகள்தான் எங்களுக்கு மிகுந்த கவலை தருபவர்கள். தம்பிக்கு அங்கன்வாடியிலோ தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்திலோ இடம் பிடித்துவிட்டு அதன் பிறகு அக்காளின் பள்ளியைப் பற்றிப் பேசுங்கள், தாய் மறுக்க மாட்டார்.

அவர்களுடைய ஊர் ரேஷன் அட்டை இங்கே செல்லுமா?

செல்லும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் முதல் சேர்ந்திருக்கிறது. சொந்த மாநிலத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை இருந்து, ஆதாரும் இணைக்கப்பட்டிருந்தால், இங்கே எந்த நியாயவிலைக் கடையிலும் தம் பங்கு அரிசியையோ கோதுமையையோ பெறலாம். ஊரில் இருக்கும் பெற்றோர் தம் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளவும் தடையில்லை. தமிழ்நாடு தன் செலவில் வழங்கும் பருப்பும் பாமாயிலும் இதில் வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற வீண் சச்சரவு எழும். ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காமல் போவது உண்டு. பத்து விரல்களையும் ஈரம் துடைத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏதாவதொன்று எடுத்துக்கொள்ளும்.

கூடலூரில் பட்டா வாங்கித் தருவீர்களா?

மாட்டோம்; வாங்கித் தருவதாக எந்தப் பொறுப்பாளரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உரிமை நிலங்களாக இருந்தவற்றை, உழுபவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969இல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமை தீராத வழக்காகவே நீண்டுகொண்டிருப்பதால், தாயகம் திரும்பியோர் உட்பட அங்கே குடியேறிய ஏராளமான குடும்பங்கள் பட்டாவும் மின்இணைப்பும் இல்லாமல் தவிக்கின்றன. மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் மனு எழுத உதவுவோம். பட்டா என்ற சொல்லைச் சொல்லிப் பணம் வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நம் பெயர் சேரக் கூடாது.

இதில் இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோர் நாம் எல்லோரும் வருவதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள். வெளியிலிருந்து ஒவ்வொரு கூட்டம் வந்தபோதும் அவர்களுடைய இடம் சுருங்கியிருக்கிறது. நம் மனிதருக்கு உதவுவதாக எண்ணி அவர்களுடைய நிலத்தின் மீதோ, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்கள் கோரும் இடத்தின் மீதோ ஒரு மனு எழுதினால், அந்தப் பொறுப்பாளரைச் சங்கம் விலக்கிவிடும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

நன்கொடை வாங்கலாமா?

உதவி பெற்றவரிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. தேநீருக்கு அழைத்தால் குடிக்கலாம். மற்றவர்கள் தரும் நன்கொடைக்கு அன்றே ரசீது எழுத வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அனுப்பும் பணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வேறு, இலங்கைக் குடியுரிமையோ கனடாக் குடியுரிமையோ பெற்றுவிட்ட உறவினர் தருவது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான பதிவு நம் சங்கத்திடம் இல்லாததால், எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வாங்க முடியாது.

கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ இருப்பவர் பொறுப்பாளராகலாமா?

ஆகலாம். கொடியையும் துண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். உதவி கேட்டு வருபவரிடம் சாதி, மதம், கட்சி எதையும் கேட்கக் கூடாது. சாதிச் சான்றிதழ் மனுவில் மட்டும் அது எழுதப்படும்.

பொறுப்பாளர் தவறு செய்துவிட்டால்?

உடனே சொல்லிவிட வேண்டும், முதலில் பாதிக்கப்பட்டவரிடம், பிறகு சங்கத்திடம். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், ஓர் அம்மாளுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதினேன். அவர் பெயரின் முதல் எழுத்து ‘செ’ என்று வங்கிப் புத்தகத்தில் இருந்தது. அது பேச்சுவழக்கால் வந்த பிழை என்று நினைத்து, நானே ‘சி’ என்று திருத்தி எழுதிவிட்டேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. பெயர் பொருந்தாமல் மனு திரும்பி வந்தது. மீண்டும் எழுதி, அது ஏற்கப்பட்டு, பணம் வர மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அவர் முட்டிவலியோடு விறகு பொறுக்கப் போனார். நான் போய்ச் சொன்னபோது, “எம் பேரு எனக்குத் தெரியும் தம்பி, நீங்க கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டுவது என்ற விதி அதன் பிறகு சங்கத்தில் சேர்ந்தது.

எத்தனை ஆண்டுகள் பொறுப்பில் இருக்கலாம்?

பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காலம் கிடையாது. அதே அளவை ஊர்ப் பொறுப்பாளர்களுக்கும் வைத்திருக்கிறோம். ஒருவர் இரண்டு முறை இருக்கலாம், மூன்றாம் முறை இல்லை. நன்றாகச் செய்பவரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு குடியிருப்பில் ஒருவரே பத்தாண்டுகள் இருந்தால், அவர் நல்லவராக இருந்தாலும், ஊர் அவர் வீட்டு வாசலில் காத்திருக்கப் பழகிவிடும்.

இரண்டாவது தடவையின் தொடக்கத்திலேயே அடுத்தவரை அடையாளம் காண வேண்டும். சென்ற ஆண்டு பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தாயகம் திரும்பிய குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பொறுப்பை முடித்துக்கொண்டு, தன்பாத்–ஆலப்புழை ரயிலில் ராஞ்சியிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக இங்கே இருக்கும் இளம்பெண் ஒருவரிடம் பதிவேட்டை ஒப்படைத்தார். பதிவேட்டின் முதல் பாதி அவருடைய சாய்ந்த தமிழ்க் கையெழுத்தில் இருக்கிறது. அதன் பிறகு வரும் பக்கங்களில் பெயர்கள் தமிழிலும், அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இந்தியிலும் எழுதப்பட்டிருக்கின்றன.